இறுக்கம் மட்டும் புற்றுநோய் ஆகாது: கணைய எலாஸ்டோகிராபி பற்றி எங்கள் நிலைப்பாடு

கன்னியாகுமரி மாவட்டத்தின் கணைய நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் அவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள் சிலரும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. கணையத்தில் கட்டி தெரிந்தவர்கள் எலாஸ்டோகிராபி செய்துகொள்ளலாமா என்று எங்களிடம் கேட்கிறார்கள். செய்துகொள்ளலாம். ஆனால் அந்தப் படத்தை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று யாருக்கும் சொல்லக் கூடாது. நம் மாவட்டத்தில் நிச்சயமாகக் கூடாது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. வயிற்றின்மேல் கருவியை வைத்துப் பார்த்தால் குடல் காற்று பல நேரம் மறைத்துவிடும். அதனால் எண்டோஸ்கோப்பை வாய் வழியாக இறக்கி, அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டால் பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். திசு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை எலாஸ்டோகிராபி நிறமாகக் காட்டும். மருத்துவர் கட்டியை விரலால் அழுத்திப் பார்ப்பது போலத்தான். கணையப் புற்று தன்னைச் சுற்றி நார்த்திசுவை வளர்ப்பதால் இறுகித் தெரியும். நாள்பட்ட கணைய அழற்சியும் அதே நார்த்திசுவைத்தான் வளர்க்கிறது.

சிக்கல் இங்கேதான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது; கேரளத்தில் காணும் கணைய நோய் நமக்கும் அந்நியமல்ல. இள வயதில் வயிற்றுவலி, கணையத்தில் கல், பிறகு சர்க்கரை நோய் என்று வரும் வெப்பமண்டலக் கணைய அழற்சியை, பக்கத்துக் கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்து பதிவு செய்தார். இந்த நோய்க்குக் காரணம் என்று மரச்சீனிக்கிழங்கின்மேல் நெடுங்காலம் பழி கிடந்தது, அது நிரூபிக்கப்படவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றம் பல நோயாளிகளிடம் காணப்பட்டிருக்கிறது. இந்த நோயுள்ள 185 பேரைச் சென்னையில் தொடர்ந்து கவனித்து 1994-இல் வெளியான ஆய்வு, அவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 100 மடங்கு என்றது. கல்லால் இறுகிய கணையமும் புற்று வரும் ஆபத்தும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. அவருக்கு ‘கடினம்’ என்று வரும் படம் எதைச் சொல்கிறது என்று படத்தைப் பார்த்தே பிரிக்க முடியாது.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. ஐரோப்பாவில் 13 மையங்களில் 258 பேரிடம் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், புற்றுள்ளவர்களில் 93 சதவீதத்துக்கு மேல் இந்தச் சோதனையில் பிடிபட்டார்கள். ஆனால் புற்றில்லாதவர்களில் மூவரில் ஒருவருக்கு அது தவறாகப் புற்று என்றே காட்டியது. அந்த ஒருவர் நம் வீட்டு அண்ணனாகவோ அக்காவாகவோ இருந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தே இதை எழுதுகிறோம். கணையத் தலைப்பகுதியை அகற்றும் விப்பிள் அறுவை சிகிச்சை, தேவையில்லாத ஒருவருக்குச் செய்யக்கூடிய சின்ன வேலையல்ல.

இந்தச் சோதனைக்கு நல்ல பயன்களும் உண்டு. 15 மில்லிமீட்டருக்குள் உள்ள சிறு கட்டி மென்மையாகத் தெரிந்தால், அது வழக்கமான கணையப் புற்றாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஊசியை எந்த இடத்தில் செலுத்தலாம் என்பதற்கும் படம் உதவும். ஆகவே எலாஸ்டோகிராபியை ஊசி பயாப்சிக்குத் துணையாகப் பயன்படுத்துங்கள், பயாப்சிக்குப் பதிலாக வேண்டாம். சி.டி.யில் அறுவைக்கு ஏற்றதாகத் தெளிவாகத் தெரியும் கட்டிக்கு, பயாப்சிக்குக் காத்திராமல் அறுவைக்குப் போகும் வழக்கத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. கீமோ தொடங்குவதென்றால் திசு முடிவு கையில் இருந்தே ஆக வேண்டும்.

அறிக்கை எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு கருவியில் நீலம் கடினம், இன்னொன்றில் சிவப்பு கடினம். எந்த நிறம் எதைக் குறிக்கிறது, இறுக்க விகிதம் (பக்கத்துத் திசுவோடு ஒப்பிட்டால் கட்டியின் இறுக்கம்) எவ்வளவு, நோயாளிக்கு ஏற்கெனவே கணையக் கல் உண்டா என்பதையெல்லாம் அறிக்கையிலேயே எழுதுங்கள். நாகர்கோவிலில் எடுத்த படத்தைத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மருத்துவர் பார்க்க வேண்டி வரலாம்.

ஊசி முடிவில் புற்றில்லை என்று வந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். மறுபடி ஊசி போடுவதா, சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பதா என்பதை அவரோடும் வீட்டாரோடும் தமிழில் பேசி, தேதி குறித்துக் கொடுத்து அனுப்புங்கள்.