கணக்கைக் கம்ப்யூட்டர் போடட்டும், அலகை நாம் போடுவோம்

"பிள்ளைகள் படிப்புக்கு உதவும்" என்று சொல்லித்தான் பல வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு நடப்பது என்ன? இயற்பியல், வேதியியல் கணக்கை அப்படியே டைப் செய்து, ஏஐ புரோகிராம் தரும் விடையை நோட்டில் எழுதிக் கொள்கிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. இதற்குப் பதிலாக எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் போட்டதும் 5 வினாடியில் நிற்கிறது. எதிர் முடுக்கம் எவ்வளவு? 72ஐ 5ஆல் வகுக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் 14.4 என்று உடனே காட்டும். எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. ஆனால் விடை தவறு. 72ஐ 1000ஆல் பெருக்கி 3600ஆல் வகுத்தால் வினாடிக்கு 20 மீட்டர். அதை 5ஆல் வகுத்தால் கிடைக்கும் 4தான் சரியான விடை.

எனவே ஏ காலத்தில் அளவின் பெயர், பி காலத்தில் எண், சி காலத்தில் அலகு என்று மூன்றையும் எழுதப் பழக்குங்கள். பிறகு 72ஐ 90 என மாற்றிப் பார்க்கட்டும். விடை 5 ஆவதைக் கண்டால், வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் உள்ள தொடர்பு தானாகப் புரியும்.

இன்னும் இரண்டு இடங்களில் புதியவர்கள் குழம்புவார்கள். எக்செல்லில் சைன் 30 கொடுத்தால் 0.5 வராது, மைனஸ் 0.988 வரும். எக்செல் கோணத்தை ரேடியனில் எடுத்துக் கொள்வதே காரணம். ரேடியன்ஸ் என்ற ஃபங்ஷனுக்குள் 30ஐக் கொடுத்தால் சரியாகிவிடும். அடுத்தது வேதியியல். 9 கிராம் தண்ணீர் அரை மோல். அதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 3.011ஐ அடுத்து 'இ' என்ற ஆங்கில எழுத்தும் +23ம் தெரியும். பயப்பட வேண்டாம். 3.011ஐ 10ன் 23ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

அலகு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்து போனது. நியூட்டன் வினாடியில் தர வேண்டிய அளவைத் தரைக்கட்டுப்பாட்டு சாஃப்ட்வேர் ஒன்று பவுண்டு விசை வினாடியில் தந்தது. இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வித்தியாசம். சாஃப்ட்வேர் எழுதும் என் போன்றவர்களுக்கு இது மறக்கக் கூடாத பாடம்.

நீட் தேர்வில் கால்குலேட்டருக்குக்கூட அனுமதி இல்லை. ஆகவே முதலில் பேப்பரில் போடட்டும், பிறகு எக்செல்லில் சரிபார்க்கட்டும். பெற்றோருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விடையைக் காட்டும்போது "இது எந்த அலகில்?" என்று கேளுங்கள். பிள்ளை தயங்கினால், கணக்கை இன்னொரு முறை போடச் சொல்லுங்கள்.