மந்திரவாதிக்கும் குறுக்கு விசாரணை உண்டு

மந்திரவாதி துப்பறிகிற நாவலைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்தால், படித்தவர்கள் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: பில்லி சூனியத்தை நம்புகிற ஆள். தர்மபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி மாதிரி ஊர் என்றால் முடிவு இன்னும் சீக்கிரம் வரும். குறி கேட்கவும் மை போட்டுப் பார்க்கவும் போகிற சனம், இந்தக் கதைகளையும் படித்தால் எங்கே உருப்படும் என்பார்கள். மூடநம்பிக்கை மீது அவர்களுக்குள்ள கோபம் நியாயமானதுதான். அதைக் காட்டுகிற இடம்தான் தப்பு.

மை போடுவது எப்படி நடக்கிறது? நகை காணாமல் போகிறது. வெற்றிலையில் மை தடவி, சின்னப் பிள்ளை ஒன்றை உட்கார வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்கிறார் மைக்காரர். ஆம்பளையா, பொம்பளையா? குட்டையா, நெட்டையா? பிள்ளை தடுமாறத் தடுமாறக் கேள்வியே பதிலை எடுத்துக் கொடுக்கிறது. வீட்டில் ஏற்கெனவே யார் மேல் சந்தேகமோ, பெரும்பாலும் அவரே மையில் வந்து நிற்கிறார். மைக்காரர் சாட்சி காட்ட வேண்டியதில்லை. எதிர்க்கேள்வி கேட்டால் தெய்வக் குத்தம். அவருடைய பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

நாவலில் வரும் மந்திரவாதிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஜிம் புட்சரின் ‘ஸ்டார்ம் ஃப்ரண்ட்’ (2000) நாவலில் ஹாரி டிரெஸ்டன் சிகாகோவில் காசு வாங்கிக்கொண்டு துப்பறிகிறார். மந்திரத்தால் மனிதரைக் கொல்லக் கூடாது என்று மந்திரவாதிகளுக்கே அங்கே சட்டம் உண்டு. மீறினால் தலை போகும். அப்படிக் கொன்ற சந்தேகம் டிரெஸ்டன் மேலேயே விழுகிறது. பென் ஆரனோவிச்சின் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ (2011) நாவலில் கொலைக்குச் சாட்சி சொல்வது ஓர் ஆவி. கான்ஸ்டபிள் பீட்டர் கிராண்ட் அதனிடமும் வாக்குமூலம் வாங்கப் பார்க்கிறார். நம்மிடமும் இப்படி விசாரிக்கும் மரபு உண்டு. சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’த்தில் பேயா அறிவியலா என்று துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் முட்டிக்கொள்கிறார்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’, ஊரில் தண்டிப்பது கருப்புசாமியா மனிதக் கையா என்று கேட்டுக்கொண்டே போகிறது. சாமி பேரைச் சொன்னால் ஊரில் பேச்சு முடிந்துவிடும். கதையில் விசாரணை அங்கேதான் தொடங்கும்.

வாசகரை இழுப்பது மந்திரம் அல்ல, மந்திரம் கட்டுப்படுவது. மந்திரம் என்பது மிதமிஞ்சிய அதிகாரம். அதற்கும் ஒரு சட்டம், ஒரு கணக்கு உண்டு என்பதே இக்கதைகளின் ருசி. இந்த ருசியைத் தர்மபுரி மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். செய்தவர் யார் என்பதில் ஊருக்கு மர்மமே இல்லை. சீருடைக்காரரைக் கூண்டில் ஏற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போன பிறகு, 2011 செப்டம்பர் 29இல்தான் மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதிகாரம் பதில் சொல்வதைப் பார்க்க 19 வருஷம் காத்திருந்த மாவட்டத்தில், அதை ஒரே ராத்திரியில் படித்து முடிக்க ஆசைப்படுகிறவரை மூடர் என்பது அநியாயம்.

கதையை நிஜம் என்று எடுத்துக்கொண்டு சூனியக்காரனைத் தேடிப் போகிறவர் ஒருவர்கூட இருக்க மாட்டாரா என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அரிதாக இருந்த காலத்திலும் மைக்காரர் வீட்டில் கூட்டம் இருந்தது. அவர்களை அனுப்பியது நாவல் அல்ல, நகை போன பதற்றம். கண்டிக்க வேண்டிய நாவலும் உண்டு: கடைசி அத்தியாயத்தில் தடயத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு சாமியாடியின் வாக்கில் கொலைகாரனைப் பிடித்துக் கொடுப்பது. அதில் எழுத்தாளரே மை போட ஆரம்பித்துவிடுகிறார். ஆனால் வாசகர் சின்னப் பிள்ளை இல்லை, ‘ஏமாத்திட்டான்யா’ என்று புத்தகத்தை மூடிவைக்கிறார்.