அட்டைக் கப்பல் பரீட்சை

மழை பெய்து தெருவில் ஜலம் ஓடும்போது பழைய காகிதத்தைக் கப்பலாக மடித்து விடாத குழந்தை நம் நாட்டில் உண்டோ? அந்தக் கப்பலில் ஏற எறும்பு கூடச் சற்று யோசிக்கும். ஆனால், மனிதர்களே ஏறிக்கொண்டு பந்தயம் விடும் காகிதக் கப்பல்கள் அமெரிக்காவில் உண்டு என்றால் நேயர்கள் நம்புவார்களா?

இந்த வேடிக்கையை வளர்த்தவர்களில் ஒருவர் உபாத்தியாயர் என்பதில் நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கர்வந்தான். தெற்கு இல்லினாய் சர்வகலாசாலையில் வடிவமைப்புக் கலை கற்பித்த ரிச்சர்டு ஆர்ச்சர், 1974-ம் வருஷத்தில் தம் முதலாண்டு மாணாக்கர்களுக்கு ஒரு விநோதமான இறுதிப் பரீட்சை வைத்தார். வினாத்தாள் இல்லை, விடைத்தாளும் இல்லை. அட்டையால் படகு செய்ய வேண்டும். அதில் தாமே ஏறி ஏரியில் ஓட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்! இந்தப் பரீட்சை நாளடைவில் குடும்பங்களும் சிநேகிதர்களும் கூடிக் களிக்கும் திருவிழாவாகி, வேறு ஊர்களுக்கும் பரவிற்று. ஸியாட்டில் நகரத்துக் கிரீன் ஏரியிலோ, 1972-ம் வருஷத்தில் காலிப் பால் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டிய படகுகளின் பந்தயம் தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்து வந்தது.

பால் பெட்டி மனிதனைத் தாங்குமா? ஆர்க்கிமிடீஸைக் கேட்போம். மிதக்கும் பொருள் எவ்வளவு ஜலத்தை விலக்குகிறதோ, அவ்வளவு எடையைத் தாங்கும். அமெரிக்காவின் அரை காலன் பால் பெட்டி ஏறக்குறைய 1.9 லிட்டர் கொள்ளும். வாயை இறுக மூடினால் ஒரு பெட்டி சுமார் 1.9 கிலோ தாங்கும். 60 கிலோ மனிதரும் 16 கிலோ மரச்சட்டமும் மிதக்க 40 பெட்டிகள் வேண்டும். ஆனால் அவை முற்றிலும் அமிழ்ந்தே மிதக்கும். பாதி உயரமாவது வெளியே தெரிய 80 பெட்டிகள் வேண்டும். அகலம் குறைந்தால் படகு கவிழும். அட்டைப் படகிலோ, மூட்டுகளின் வழியே ஈரம் நுழைந்தால் பசை விட்டுப்போகும். ஆகவே நாடா ஒட்டி வர்ணம் பூசுவார்கள். பெளதிகப் புத்தகத்தில் இரண்டு பக்கமாக உறங்கும் தத்துவம், இங்கே முழங்கால் நனைய விழித்துக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஆர்ச்சர் தொடங்கிய பந்தயத்தில் ஜயித்தவர்களுக்கு மட்டுமல்ல, மிகவும் அமர்க்களமாக மூழ்கிய படகுக்கும் பரிசு உண்டு. அதன் பெயர் 'டைட்டானிக்' விருது! மூழ்கியவன் தலைகுனிந்து போவதில்லை. கரையேறி, எந்த மூட்டு விட்டது என்று பார்க்கிறான். நம் பரீட்சைகளிலோ தவறான விடைக்குச் சிவப்புக் கோடு ஒன்றுதான் கிடைக்கிறது. அதற்கு அஞ்சியே எத்தனையோ குழந்தைகள் தெரிந்த கணக்கையும் எழுதாமல் விட்டு வருவதை நாம் வருஷந்தோறும் காண்கிறோம்.

பெற்றோர்களே! அடுத்த விடுமுறையில் ஒரு லிட்டர் பழரசப் பெட்டிகள் நான்கைக் கழுவி, மூடி, கயிற்றால் கட்டித் தொட்டியில் மிதக்க விடுங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று குழந்தை முன்னதாக எழுதி வைக்கட்டும். பிறகு சிறு மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றட்டும். (அரிசி வேண்டாம், தாயார் கோபிப்பார்!) ஏரி குளம் என்று ஆசை வளர்ந்தால், மிதவைச் சட்டையும் நீந்தத் தெரிந்த பெரியவர் துணையும் இன்றி ஒருவரும் இறங்கலாகாது.

தொட்டியில் கப்பல் மூழ்கினால் கோபிக்காதீர்கள். கை தட்டிவிட்டு, ஏன் மூழ்கிற்று என்று கேளுங்கள்.