உயரம் மட்டும்தானா? தர்ஜினியை வைத்து நடந்த ஒரு வாதம்

“உயரமாப் பிறந்ததுக்கு எதுக்கு இவ்வளவு பாராட்டு? வளையத்துக்குக் கிட்ட நின்டு பந்தை உள்ளுக்குப் போடுறா. அவ்வளவுதானே!”

தர்ஜினி சிவலிங்கம் விளையாடும் பழைய வீடியோ ஒன்றை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டதற்கு வந்த பதில் இது. மற்றப் பக்கம் நின்றவர்களும் சும்மா விடவில்லை. “அவ இல்லாட்டி இலங்கை நெட்போல் டீமே இல்ல டீச்சர்” என்று ஆரம்பித்து, இரண்டு நாள் ஓடியது வாதம். குரல் பதிவுகளை யாரும் முழுதாகக் கேட்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் படவில்லை.

தெரியாத பிள்ளைகளுக்காக முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் புன்னாலைக்கட்டுவன் பக்கம் ஈவினை என்ற ஊர்ப் பிள்ளை. உயரம் 208 சென்ரிமீற்றர், அதாவது 6 அடி 10 அங்குலம். உலக வலைப்பந்தில் ஆக உயரமானவர் என்று பெயர் எடுத்தவர். 2009, 2018, 2022 என்று மூன்று முறை ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணிகளில் இருந்தவர். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சுற்றுப்போட்டியில் சிறந்த கோல் சூட்டர் என்ற விருதும் அவருக்குத்தான். அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ன் கழகங்களுக்கும் ஆடியிருக்கிறார்.

2009 என்றால் போர் முடிந்த ஆண்டு. தெற்கில் பிறந்த பிள்ளைகள் எறிந்த பந்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளை பிடித்துக் கோலாக்கிய ஆண்டும் அதுதான். 2006, 2007இல் ஊரை விட்டு ஓடிய வாகரைக்காரருக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

இனி, “உயரம் மட்டும்தான்” என்ற கதைக்கு வருவோம்.

வலைப்பந்து வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர். கூடைப்பந்துக்கும் அதே உயரம்தான். ஆனால் கூடைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறது, கொஞ்சம் பிழைத்தாலும் பலகையில் பட்டு உள்ளே விழும். வலைப்பந்தில் பலகை இல்லை. மேலே இருந்து நேராக இறங்கினால்தான் கோல். பந்தைப் பிடித்தவர் ஓட முடியாது, தட்டிக்கொண்டு போக முடியாது, மூன்று விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். இறங்கிய காலை இழுத்தால் பந்து மற்ற அணிக்கு. முன்னால் நிற்பவர் 0.9 மீற்றர் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பதால் உயரமானவருக்கு அங்கே வசதி உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர, முன்னும் பின்னும் இரண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்கையில் தலைக்கு மேல் வரும் பந்தைப் பிடித்து, சமநிலை குலையாமல் இறங்க வேண்டும். பிறகு மூன்று விநாடி. உயரம் பந்தை வாங்கித் தரும். வலைக்குள் போட்டுத் தராது.

2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் சிங்கப்பூரை இலங்கை 88க்கு 50 என்று வென்ற ஆட்டத்தில் 70க்கும் மேல் தர்ஜினியின் கோல். ஒரு மணித்தியால ஆட்டம் அது. நம்பாதவர்கள் ஒரு நாள் எங்கள் மைதானத்துக்கு வாருங்கள். யாரும் மறிக்காமல், வெறும் வளையத்துக்கு முன்னால் நின்று 20 பந்து எறிந்து பாருங்கள். நம்ம பி.ரீ. மாஸ்டரும் எறிந்தார். எத்தனை விழுந்தது என்று இங்கே எழுதினால் நாளைக்கு என்னோடு பேசமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயரமான பெண் பிள்ளைகளை எங்கள் வகுப்பறைகளில் எப்படி நடத்துகிறோம்? ‘மறைக்குது’ என்று கடைசி வாங்கில் இருத்துகிறோம். பொடியன்கள் தென்னை என்கிறான்கள், ஒட்டகம் என்கிறான்கள். அந்தப் பிள்ளை பதின்மூன்று வயதில் கூனத் தொடங்குகிறாள். அப்படி ஒரு பிள்ளை நிமிர்ந்து நின்று, நாடே பார்க்க விளையாடுவதை ‘உயரம்தானே’ என்று ஒரு சொல்லில் தள்ளுவது எனக்கு ஏற்கவே முடியாத பேச்சு.

அதற்காக, “அவ இல்லாட்டி டீமே இல்ல” என்பதும் உண்மை ஆகிவிடாது. 1989, 1997, 2001 ஆகிய ஆண்டுகளிலும் ஆசியக் கிண்ணம் இலங்கைக்குத்தான் வந்தது. தர்ஜினி தேசிய அணிக்கு வருவதற்கு முந்திய காலம் அது. அந்த அக்காமாரின் பெயர் இன்றைக்கு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த 2019 உலகக் கிண்ணத்தில் ஆகக் கூடிய கோல் போட்டவர் தர்ஜினி. 300க்கும் மேல். இங்கிலாந்து, நியூசிலாந்து, ஜமேக்கா எல்லாம் ஆடிய இடத்தில்! ஆனால் 16 அணிகளில் இலங்கை வந்தது 15ஆவது இடம். கோல் எண்ணிக்கைதான் ஒருவரின் பெறுமதி என்றால் இது எப்படி நடந்தது?

விதியைப் பாருங்கள். வலைப்பந்து மைதானம் மூன்று பகுதி. கோல் சூட்டர் தன் அணி கோல் போடும் அந்த ஒரு பகுதிக்குள்தான் நிற்கலாம். நடுப் பகுதிக்கே வர முடியாது. மற்ற அணி கோல் போடும் முனை அவருக்குத் தூரத்துக் காட்சி, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம், தடுக்க முடியாது. ஆகவே தோல்விக்கு அவரைக் குற்றம் சொல்வதும் அநியாயம், வெற்றியை முழுதாக அவருக்கே எழுதுவதும் அநியாயம்.

இதற்கு மேல் ஒரு விதி உண்டு. எனக்கு ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போதுதான் அதன் அர்த்தம் விளங்கியது. ஒவ்வொரு கோலுக்கும் பிறகு பந்து நடு வட்டத்துக்கு வரும், அங்கிருந்து எறியும் முதல் பாஸை நடுப் பகுதிக்குள்ளேயே ஒருவர் வாங்க வேண்டும். ஒரு பகுதியை முழுதாகத் தாண்டிப் பந்தை எறியவும் கூடாது. அப்படியென்றால் நடுவிலிருந்து தொடங்கும் எந்தக் கோலும் சென்டர் கையிலிருந்து நேரே கோல் சூட்டர் கைக்குப் போகவே முடியாது. இடையில் ஒரு கை கட்டாயம். பெரும்பாலும் அது விங் அட்டாக்கின் கை. அவளுக்கோ வட்டத்துக்குள் காலே வைக்க அனுமதி இல்லை. ஆட்டம் முழுக்க ஓடினாலும் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோலும் வராது.

தர்ஜினிக்குப் பந்து கொடுப்பது லேசு என்று நினைக்கிறீர்களா? தடுப்பவரின் விரலுக்கு எட்டாத உயரத்தில், வெளிக்கோட்டுக்குப் போகாத தூரத்தில், அவர் திரும்பும் பக்கம் பார்த்து எறிய வேண்டும். ஒரு சாண் குறைந்தால் பந்து பறிபோகும். 2018 இறுதியாட்டத்தில் 69–50 என்று சிங்கப்பூரை அவர்கள் நாட்டிலேயே வென்ற அணி அந்தப் பாஸைப் பழகிய அணி. அவருடைய உண்மையான பெறுமதி எனக்குத் தெரிகிற இடம் இதுதான். அவரை நம்பி மற்ற ஆறு பேரும் தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. இரண்டு தடுப்பாளர்களை அவர் தன்னோடு கட்டி வைத்திருந்ததால் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. இதை எண்ணுவதற்கு ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் இல்லை.

கூடைப்பந்து பார்க்கிற தம்பிமாருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய கதை. 1957, பல்கலைக்கழக இறுதிப் போட்டி. கன்சாஸ் அணியில் வில்ட் சேம்பர்லேன், ஏழடி ஆள். எதிரே வட கரோலினா. ஆட்டம் தொடங்கப் பந்தை மேலே எறியும்போது, அவருக்கு எதிரே குதிக்க வட கரோலினா பயிற்றுவிப்பாளர் அனுப்பியது தன் தொடக்க ஐவரில் ஆகக் கட்டையான பையனை! பந்து எப்படியும் அவருக்குத்தான் போகும், உயரமானவனை அனுப்பி என்ன பயன் என்று நினைத்திருப்பார். மூன்று முறை மேலதிக நேரம் போய், 54–53 என்று வட கரோலினா வென்றது. தொடரின் சிறந்த வீரர் விருதோ தோற்ற அணியின் சேம்பர்லேனுக்கு. அது சரியா பிழையா என்று அங்கேயும் வாதம் போனது. பிறகு அவர் தொழில்முறை ஆட்டத்தில் 1961–62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார், அந்த வருடம் கிண்ணம் பொஸ்டனுக்குப் போனது. பொஸ்டனில் இருந்தவர் பில் ரசல். ஒரு பருவத்தில்கூட சராசரி 20 புள்ளியைத் தொடாதவர், தடுப்பதில் மன்னன். 13 பருவத்தில் 11 கிண்ணம்.

நம்ம மட்டக்களப்பிலும் கூடைப்பந்துக்குக் குறைவில்லை. புனித மைக்கேல் கல்லூரியில் அதை வளர்த்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார். வெபர் அடிகளாரின் பெயரில் மைதானம் இருக்கிறது. அடுத்தவர் ஹெபர்ட் அடிகளார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், உடன் போன தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இன்று வரை இல்லை. வாழைச்சேனையால் போய்வரும் எனக்கு அந்த வீதியில் அவர் ஞாபகம் வரும். அவர் பழக்கிய பிள்ளைகள் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று எங்காவது எழுதியிருக்கும். அவர் எடுத்தது என்று எழுத ஒன்றும் இருக்காது.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன்? வலயப் போட்டி வருகிறது.

எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் நெட்போல் அணி கட்டும் முறை எல்லாருக்கும் தெரியும். உயரமான பிள்ளை ஒன்றைத் தேடு, வளையத்துக்குக் கீழே நிறுத்து, மற்ற ஆறு பேரும் ‘ஆள் நிரப்ப’. பரிசளிப்பில் சிறந்த வீராங்கனை என்று கூப்பிடுவதும் கோல் போட்ட பிள்ளையைத்தான். இதனால் இரண்டு பேருக்கு நட்டம். கோல் போடும் பிள்ளை, தோற்றால் முழுப் பழியும் தன் தலையில் என்று பயந்து எறிகிறாள். பந்து கொடுக்கும் பிள்ளை, “நான் வராட்டிலும் பரவாயில்லைதானே டீச்சர்” என்று கேட்கிறாள். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்கிறாள்.

போன தவணை இதைக் கண்ணால் கண்டேன். எங்கள் கோல் சூட்டரைப் பின்னேரப் பயிற்சிக்கு மாமா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார், முடியுமட்டும் வேலியோரம் நிற்பார். வாழ்க அவர். விங் அட்டாக் பிள்ளை பஸ்ஸில் போகிறவள், பஸ் போய்விடும் என்று பாதியில் கிளம்புவாள். வீட்டில் “நீ கோல் போடுறதில்லையே, பிறகென்ன பிரக்டிஸ்?” என்று கேட்கிறார்களாம். அவள் கிளம்பிய பிறகு நடக்கும் ஆட்டத்தை வந்து பாருங்கள். உயரமான பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், பந்து வராது.

அதனால் இந்த வருடம் இரண்டு வேலை செய்கிறோம். ஒன்று, காயம்பட்டு இருக்கும் ஒரு பிள்ளையிடம் கொப்பி கொடுத்து, ஒவ்வொரு கோலுக்கும் கடைசிப் பாஸ் யாருடையது, பறித்த பந்து யாருடையது என்று எழுத வைக்கிறோம். எழுதுகிற பிள்ளைக்கே இப்போது ஆட்டம் வேறு மாதிரித் தெரிகிறது, அது தனிக் கதை. அதிபரிடமும் பேசியாகிவிட்டது, பரிசளிப்பில் கோலுக்கு ஒரு பரிசு, பாஸுக்கு ஒரு பரிசு.

இரண்டாவதுக்கு உங்கள் உதவி வேண்டும். பனிச்சங்கேணிப் பக்கம் இரண்டு பிள்ளைகள், கதிரவெளிப் பக்கம் ஒரு பிள்ளை. விங் அட்டாக், சென்டர், கோல் டிபென்ஸ். மூன்று பேரும் கோல் போடுகிறவர்கள் இல்லை. செவ்வாய், வியாழன் பயிற்சி முடிய 5.30 ஆகும், அந்த நேரத்துக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. வலயப் போட்டி முடியும் வரை ஆட்டோவில் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடக்கூடிய, பெற்றோருக்குத் தெரிந்த யாராவது இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். பெற்றோல் காசை ஆசிரியர்கள் நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம். பிள்ளைகளின் பெயரைத் தயவுசெய்து கொமெண்டில் போடவேண்டாம்.