புலியும் கிலியும்

காலையில் பால் பொங்குவதிலிருந்து இரவு கதவைத் தாழிடுகிற வரையில் ஒரு நாளில் எத்தனை தடவை 'கி' சொல்லுகிறீர்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

"காபி கீபி சாப்பிடுகிறீர்களா?" - இது விருந்தாளியிடம். "மழை கிழை வந்து தொலைக்கப் போகிறது, குடையை எடுத்துக்கொண்டு போங்கள்" - இது வீட்டுக்காரரிடம். "பென்சில் கின்சில் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாயா?" - இது பிள்ளையிடம்.

கீபி என்று ஒரு பானம் உலகத்தில் கிடையாது. கின்சில் எந்தக் கடையிலும் விலைக்கு வராது. ஆனாலும் விருந்தாளி விழிப்பதில்லை. பிள்ளையும் பையைத் துழாவிக் கின்சிலைத் தேடுவதில்லை. இல்லாத ஒரு பொருளைச் சொல்லி எல்லாருக்கும் விளங்க வைத்துவிடுகிறோமே, இது சாமானிய வித்தையா?

மொழி நூலார் இதை எதிரொலிச் சொல் என்கிறார்கள். சூத்திரம் ரொம்பச் சுலபம். சொல்லின் முதல் எழுத்தை எடுத்துவிட வேண்டும். அது குறிலாயிருந்தால் அந்த இடத்தில் 'கி'; நெடிலாயிருந்தால் 'கீ'. அரிசி கிரிசி, பணம் கிணம். ஆடு கீடு, சாவி கீவி. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தருவதில்லை. பேச்சு வந்த குழந்தை தானாகவே பிடித்துக்கொண்டு விடுகிறது. நேற்று வந்து சேர்ந்த செல்போனையும் நாம் விட்டு வைக்கவில்லை. மறுநாளே 'செல்போன் கில்போன்' ஆகிவிட்டது. 'லாரி கீரி' என்று சொல்லும்போது கீரிப்பிள்ளை குறுக்கே ஓடுவதாக யாரும் நினைப்பதில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் சூத்திரம் சறுக்கும். 'கீரை' என்ற சொல்லுக்கு எதிரொலி போட்டுப் பாருங்கள். கீரை கீரை! தெருவில் கூடைக்காரி கூவுவதுதான் வரும்.

சென்னையின் வட கோடியில் இந்த விளையாட்டுக்கு இன்னொரு ருசி உண்டு. ராயபுரத்தை அடுத்த காசிமேட்டில் விடியற்காலையில் மீன் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நண்டு கிண்டு இருக்கிறதா, அம்மா?" என்று கேட்கிறீர்கள். 'இருக்கிறது' என்பதை அந்தப் பக்கத்தில் 'கீது' என்பார்கள் அல்லவா? "நண்டு கீது, வாம்மா. கிண்டுதான் இல்லே!" என்று பதில் வந்தால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இலக்கணத்தில் அந்த அம்மாள் சொன்னது முழுக்கச் சரி.

இந்தக் கிண்டைப் பிடிக்கக் காட்டில் ஒரு புலியே அலைந்ததாம். தென்னாட்டு நாட்டுப்புறக் கதை ஒன்று உண்டு. குடிசைக்குள் ஒரு கிழவி, "புலிக்கும் பயப்பட மாட்டேன், கிலிக்கும் பயப்பட மாட்டேன்" என்கிறாள். வெளியே பதுங்கியிருந்த புலியின் காதில் அது விழுகிறது. 'புலி நான்தான்; அது தெரியும். கிலி யார்? என்னோடு சேர்த்துச் சொல்லுகிறாளே, என்னைவிடப் பெரிய மிருகமாக இருக்குமோ?' என்று புலிக்கே கிலி பிடித்துக்கொண்டதாம்!

சிரித்துவிட்டு விட்டுவிடுகிற விஷயமாக எம். பி. எமனோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை நினைக்கவில்லை. 1930-களில் நீலகிரியில் தங்கி, தோடர், கோத்தர் பாஷைகளை ஆராய்ந்தவர் அவர். எதிரொலிச் சொல்லே கதையின் முடிச்சாக அமைகிற திராவிடக் கதைகளைப் பற்றி 1938-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்.

நம் அண்டை அயலாரும் லேசுப்பட்டவர்கள் அல்லர். தெலுங்கிலும் கன்னடத்திலும் நம்மைப் போலவே 'கி'தான். சற்று அழுத்தி உச்சரிப்பார்கள், அவ்வளவுதான். ஹிந்திக்காரர் 'சாய் வாய்' என்பார். பஞ்சாபியர் வீட்டில் அதே தேநீர் 'சாய் ஷாய்'. வங்காளத்தில் தண்ணீர் 'ஜோல் டோல்'. துருக்கியில் புத்தகம் 'கிதாப் மிதாப்'. ஒவ்வொரு நாட்டாரும் தங்களுக்குப் பிடித்த ஓர் எழுத்தைப் பொறுக்கிக்கொண்டு, வேலையை மட்டும் ஒன்றாகவே செய்கிறார்கள்.

* * *

முதல் எழுத்தை மாற்றாமல் சொல்லை அப்படியே இரண்டு தடவை சொல்லுவது இன்னொரு வகை. 'வீடு வீடாகப் போனான்' என்றால் ஒரு வீடும் விடாமல் போனான் என்று அர்த்தம். பெரியவர் ஒருவர் 'ஆளுக்குப் பத்துப் பத்து' என்று பங்கு பிரித்தால் அங்கே சண்டைக்கே இடமில்லை. ஒரு சொல்லை இரட்டித்ததுமே கணக்கு எல்லாருக்கும் சமமாகிவிடுகிறது.

கடல் கடந்து போனாலும் இதே கதைதான். மலாய் பாஷையில் 'ஓராங்' என்றால் மனிதர். 'ஓராங் ஓராங்' என்றால் மனிதர்கள். 'மாத்தா' என்றால் கண். 'மாத்தா மாத்தா' என்றால் ஒற்றன். ஒன்றுக்கு இரண்டாகக் கண் வைத்திருப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இரண்டு தடவை எழுதச் சோம்பல்பட்டு, சொல்லை ஒரு தடவை எழுதிப் பக்கத்தில் '2' என்று இலக்கத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1972-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் அந்த இலக்கத்தைத் தள்ளிவிட்டது.

ஜப்பானில் 'ஹிதோ' ஒரு மனிதர்; 'ஹிதோபிதோ' பல பேர். ஹவாய்த் தீவில் 'விக்கி' என்றால் சீக்கிரம். 'விக்கி விக்கி' என்றால் சீக்கிரம் சீக்கிரம். ஹொனலூலு விமான நிலையத்து பஸ்ஸுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அதைக் கேட்ட ஓர் அமெரிக்கர் 1995-ல் தாம் அமைத்த கணினிப் பக்கத்துக்கும் அதையே சூட்டினார். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாடத்துக்குப் புரட்டுகிற விக்கிப்பீடியாவின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த விக்கிதான்.

எல்லாவற்றிலும் வேடிக்கை பாப்புவா நியூகினியில். ஆங்கிலம் திரிந்து பிறந்த அவர்கள் பாஷையில் கப்பல், செம்மறியாடு இரண்டுமே 'சிப்' என்று ஒலிக்கும் ஆபத்து இருந்தது. கப்பலைத் தனியாக 'சிப்' என்று விட்டார்கள். ஆட்டை 'சிப்சிப்' ஆக்கினார்கள். இல்லாவிட்டால் துறைமுகத்துக்கு ஆடு வந்ததா, கப்பல் வந்ததா என்று யாருக்குத் தெரியும்?

* * *

துறைமுகம் என்றதும் நமக்குப் பக்கத்திலுள்ள திருவொற்றியூர் ஞாபகத்துக்கு வருகிறது. லாரிகளும் தொழிற்சாலைகளும் நெருக்கியடிக்கும் அந்த ஊரில், சோழர் காலத்தில் தியாகராஜர் கோயிலில் வியாகரண மண்டபம் ஒன்று இருந்தது. இலக்கணம் சொல்லிக் கொடுக்கவென்றே நிலம் விட்டு நடத்திய மண்டபம். சிவபெருமான் அங்கே தோன்றிப் பதினான்கு நாட்கள் பாணினி முனிவருக்குப் பதினான்கு சூத்திரங்களை உபதேசித்தார் என்பது ஐதிகம்.

அந்தப் பாணினியின் எட்டாம் அத்தியாயம் தொடங்குவதே சொல்லை இரட்டிப்பது பற்றித்தான். விடாமல் ஒன்றைச் செய்தாலும், ஒவ்வொன்றாக எண்ணினாலும் சொல் இரட்டிக்கும் என்கிறார். நம்முடைய 'வீடு வீடாக' அந்த இரண்டாவது வகை. எழுத்து இரட்டிப்பதும் அவருக்குத் தெரியும். 'தா' என்ற வேரிலிருந்து 'கொடுக்கிறான்' என்பதற்கு 'ததாதி' என்று வருகிறதல்லவா? அப்படி இரட்டித்ததில் முன்னால் நிற்பதற்கு அவர் வைத்த பெயர் 'அப்யாசம்'.

தொல்காப்பியரும் சளைத்தவர் அல்லர். அவசரத்தில் அடுக்கிச் சொல்லுகிற சொல்லுக்கு மூன்று தடவை வரம்பு என்று கட்டுப்பாடு வைத்தார். செய்யுளில் இசை நிறைக்க வேண்டுமானால் நான்கு வரைக்கும் சலுகை. "பாம்பு, பாம்பு, பாம்பு!" என்றதும் அக்கம்பக்கத்தார் தடியோடு வந்துவிட வேண்டும், அதற்கு மேல் கத்துவது இலக்கணப் பிழை!

பிரித்தால் பொருள் தராத சொற்களை அவர் இரட்டைக்கிளவி என்றார். சமையலறையில் ஒரு தடவை சுற்றி வாருங்கள். ரசம் கமகமவென்று மணக்கிறது. உலை தளதளவென்று கொதிக்கிறது. முறுக்கு மொறுமொறுவென்று இருக்கிறது. வெண்டைக்காய் கொழகொழவென்று காலை வாருகிறது. ஒற்றைக் 'கம', ஒற்றைக் 'கொழ' இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திருவொற்றியூரில் தொடங்கிய என்பீல்டு தொழிற்சாலையின் புல்லட் மோட்டார் சைக்கிளும் 'தடதட'தான். 'தட' என்று ஒரு தடவை சொல்லி நின்றுவிட்டால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். இந்தோனேஷியாவில் வண்ணத்துப் பூச்சிக்கு 'குப்பு குப்பு' என்று பெயர். ஒற்றைக் குப்பு அங்கே பறப்பதில்லை. இரண்டு ஜோடிச் சிறகு உள்ள பூச்சிக்கு ஏற்ற பெயர்தான்!

* * *

இத்தனை அழகான சங்கதியில் ஒரு முள்ளும் இருக்கிறது. அது நம்முடைய 'கி'யில்தான் இருக்கிறது.

2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசிந்து கரையெல்லாம் கரேலென்று படிந்தது. வாளி வாளியாக அதை மொண்டு கொட்டினார்கள். அந்த நாட்களில் நகரத்தில் மீன் வாங்குகிறவர்கள் தயங்கினார்கள். அப்போது கூடைக்கு முன் குனிந்து, "இதிலே எண்ணெய் கிண்ணெய் இருக்குமோ?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன ஆகும்? எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டால் செவுளைத் திறந்து காட்டலாம், முகர்ந்து பார்க்கச் சொல்லலாம். கிண்ணெய் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அதற்கு உருவமே கிடையாதே! புலியை மிரட்டிய அதே கிலிதான் அது. வாங்குகிறவள் அதைச் சொல்லிவிட்டு நடந்துவிடுவாள். விற்கிறவளுக்கு அன்றைய அடுப்பு எரிய வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இப்படித்தான். மேலே படிக்க ஆசைப்படும் பெண்ணிடம், "படிப்பு கிடிப்பு எல்லாம் போதும்" என்கிறோம். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லுகிற மாமியாருக்கு, "வலி கிலி ஒன்றும் இல்லை, படுத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். வாயால் மறுத்துப் பேசியிருந்தால் அவர்களும் பதில் சொல்லியிருப்பார்கள். 'கி' போட்டதும் படிப்பு, வலி எல்லாமே பேச்சுக்கே லாயக்கில்லாத பொருளாகிவிடுகின்றன. கிடிப்புக்காக யார் வாதாட முடியும்?

அதற்காக 'கி'யை வீட்டைவிட்டுத் துரத்திவிட வேண்டாம். விருந்தாளியிடம் தாராளமாகச் சொல்லுங்கள். காபி வேண்டாதவர் மோர் கேட்பதற்கு அந்தக் 'கீபி'தானே வழிவிடுகிறது! மழைக்கும் குடைக்கும், பென்சிலுக்கும் சாவிக்கும் அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் செலவழியுங்கள். பிறத்தியாருடைய பிழைப்பு, படிப்பு, வலி இந்த மூன்றுக்கும் மட்டும் ஒற்றைச் சொல்லே போதும்.

இந்த வாரம் ஒரு நாள், விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். எத்தனை கி, அவற்றில் எத்தனை வேண்டாத கி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கணக்கை எங்களுக்கு எழுத வேண்டியதில்லை. மகளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.