ஆயில் கறுத்தா மாத்திடணுமா?

வீட்டுல லாரி ஓடுதா ஃப்ரெண்ட்ஸ்? நாமக்கல், சங்ககிரி பசங்ககிட்ட இதைக் கேட்கவே வேண்டாம்! டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, 'கறுத்துடுச்சு, மாத்திடலாம்'னு அப்பா சொல்லியிருப்பார். ஆனா, டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துடும் பாஸ். கரியைப் படியவிடாமல் தனக்குள் மிதக்க வைப்பதும் ஆயிலோட வேலைதான். நிறத்தை மட்டும் நம்பினால் நல்ல ஆயில் சாக்கடைக்குப் போகும் (அங்கே ஊத்துறதே தப்பு, அது வேற கதை!).

கிலோமீட்டர் கணக்கு? அதுவும் பாதிதான். ஹைவேயில் சீராக ஓடும் வண்டியும், குவாரித் தூசியில் லோடு இழுக்கும் டிப்பரும் ஒண்ணா? இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் நின்றால் மீட்டர் நகராது, ஆயில் மட்டும் கெட்டுக்கிட்டே இருக்கும். கடும் உழைப்புக்கு மேனுவலில் தனிக் கெடு இருக்கான்னு பாருங்க.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதிப்படி செய்த வண்டியில் பழைய ரக ஆயிலை ஊத்தினால், புகை வடிகட்டியில் சாம்பல் அடைச்சுக்கும். செலவு எகிறும்!

நாலஞ்சு வண்டி இருந்தால், பழைய ஆயிலில் கொஞ்சம் லேபுக்கு அனுப்பலாம். இரும்பு கூடியிருந்தால் உள்ளே ஏதோ தேயுது. சிலிக்கான் கூடியிருந்தால் பெரும்பாலும் தூசி நுழையுது. ரிப்போர்ட் நல்லா இருந்தால் கெடுவைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டலாம். வாரன்ட்டி இருக்கிற வண்டின்னா மட்டும், கம்பெனி சொன்னதைத் தாண்டாதீங்க.