புதிய பெயாரிங்கும் பழைய சுத்தியலும்

பழைய மோட்டார் வண்டியின் கியர் பெட்டியைப் பிரித்துப் பெயாரிங் மாற்றுவது வீட்டு முற்றத்தில் செய்யத்தக்க வேலைதானா என்று மாணவ நேயர்கள் பலர் ஐயுறுவர். செய்யத்தக்கதே. ஆயின், பெட்டியைக் கழற்றுவதிலோ பற்சக்கரங்களை மீண்டும் அடுக்குவதிலோ நேரும் தவறு உடனே தெரிந்துவிடும். பெயாரிங்கைப் பொருத்துவதில் நேரும் தவறோ, வண்டி பல நூறு மைல் ஓடிய பின்னரே தெரியவரும். அதனை யான் கற்றது ஏட்டிலன்று.

1993 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாயிருந்த காலம். பழைய ஏ 40 வண்டிகளும் மோரிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலிலே உயிர்பெற்று, மண்ணெண்ணெயிலே ஓடின. எங்கள் இல்லத்திலும் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. அயலில் எவருக்கேனும் இரவிலே நோய் கடுமையாயின், எங்கள் படலையைத்தான் தட்டுவர். அவ்வண்டியின் கியர் பெட்டி முனகத் தொடங்கியபோது, என் தந்தையார் பழைய சாமான் விற்போரிடம் பல நாள் அலைந்து, உறை பிரியாத பெயாரிங் ஒன்றைத் தேடிப் பெற்றார். அதனைப் பொருத்தும் பொறுப்பை, இளைஞனாயிருந்த யான் விரும்பி ஏற்றேன்.

அச்சின்மீது பெயாரிங்கை வைத்து, அதன் வெளிவளையத்தில் மரத்துண்டொன்றை வைத்துச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடித்தேன். அது இறங்கி உரிய இடத்தில் அமர்ந்தது. கையால் சுழற்றினேன், சுழன்றது. வேலை முடிந்ததென மகிழ்ந்தேன். இரண்டு மாதம் செல்லுமுன் முன்னையினும் பெரிதாக முனகல் எழுந்தது. பெட்டியை மீண்டும் பிரித்தபோது, அயலூர் மூத்த மெக்கானிக் ஒருவர் வளையத்தின் ஓடுபாதையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் காட்டினார். குண்டுகள் இருந்த இடைவெளிக்கு ஏற்ப, ஒழுங்காகச் சிறு குழிகள் வரிசையாய்த் தெரிந்தன. “தம்பி, இது ஓடித் தேய்ந்ததல்ல, நீர் பூட்டிய அன்றைக்கே செத்தது,” என்றார். மற்றொரு பெயாரிங் கிடைக்கும்வரை வண்டி கொட்டிலில் நின்றது. இரவில் படலை தட்டியோரை வெறுங்கையுடன் அனுப்ப நேர்ந்தது. தந்தையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே பெரிய தண்டனையாயிற்று.

நிகழ்ந்தது யாது? பெயாரிங்கிலே உள்வளையம், வெளிவளையம், அவற்றிடையே உருளும் குண்டுகள் என மூன்று உறுப்புகள் உள. அச்சினை இறுகப் பற்றவேண்டியது உள்வளையம். யான் வெளிவளையத்தில் அடித்தமையால், அடியின் விசை முழுவதும் குண்டுகளின் வழியாகவே உள்வளையத்தைச் சேர்ந்தது. குண்டு ஓடுபாதையைத் தொடும் இடம் மிகச் சிறிது. சிறிய பரப்பிலே பெரிய விசை தாக்கினால் அமுக்கம் பன்மடங்காகும். கடினமான உருக்கும் குழிந்துவிடும். கடினமான குண்டை உலோகத்தில் அழுத்தி, விழும் குழியின் அளவைக்கொண்டு அவ்வுலோகத்தின் வன்மையை அளக்கும் முறையை 1900 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் சுவீடன் தேசத்துப் பொறியியலாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல். இத்தகைய குழிகளையும் அவர் பெயராலேயே குறிப்பிடுவர். அவர் சோதனைக்காகச் செய்ததை யான் அறியாமையாற் செய்தேன்.

ஆதலின் முதல் விதி இது: எவ்வளையம் இறுகப் பொருந்த வேண்டுமோ, அவ்வளையத்தின் மீதே விசையைச் செலுத்துக. அச்சில் ஏற்றும்போது உள்வளையத்திலும், உறையில் இறக்கும்போது வெளிவளையத்திலும் அழுத்துக. அவ்வளையத்தை மட்டும் தொடும் அளவுள்ள, இரு முனையும் நேராக வெட்டப்பட்ட குழாய்த் துண்டொன்று இதற்குப் போதும். அழுத்தும் பொறி கிடைப்பின் இன்னும் நன்று.

சுத்தியலே வேண்டாத வழியும் உண்டு. உருக்கு, வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர, தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். 30 மில்லிமீற்றர் துளையுள்ள பெயாரிங்கை 80 பாகை உயர்த்தினால், துளை ஏறத்தாழ 0.03 மில்லிமீற்றர் பெருக்கும். மாணவர் தாமே பெருக்கிப் பார்க்கலாம். சிறிதாகத் தோன்றும் இவ்வளவே, பெயாரிங் அச்சிலே தானாக வழுக்கி இறங்கப் போதுமானது. சுத்தமான எண்ணெயில், பாத்திரத்தின் அடியைத் தொடாதவாறு கம்பியில் தொங்கவிட்டுச் சூடாக்குக. 120 பாகைக்கு மேற்செல்லல் ஆகாது. சென்றால் உருக்கின் வன்மை குன்றக்கூடும். சுவாலையை நேரே காட்டுதல் அறவே கூடாது. சூடான எண்ணெய் தீப்பற்றவும் கூடுமாதலால், இவ்வேலையைப் பெரியோர் துணையின்றிச் சிறுவர் செய்தல் வேண்டாம்.

மோரிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டில் இலண்டனில் அறிமுகமானது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1956 இல் வெளிவந்த மைனர் 1000 வண்டியின் நான்கு கியர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்திலிருந்து வரும் முதலச்சும், பின்னோக்கிச் செல்லும் பிரதான அச்சும் குண்டுப் பெயாரிங்குகளில் ஓடுகின்றன. அவற்றின் கீழுள்ள பக்கவச்சின்மீது, பற்சக்கரத் தொகுதி ஊசி போன்ற மெல்லிய உருளைகளில் சுழல்கிறது.

பெட்டியைப் பிரிக்குமுன் செவியைத் தீட்டிக்கொள்க. நான்காம் கியரில் வலு முதலச்சிலிருந்து பிரதான அச்சுக்கு நேரே செல்வதால், பக்கவச்சில் சுமை இராது. ஆகவே, ஏனைய கியர்களில் முனகி நான்காவதில் அடங்கினால், ஊசி உருளைகளை ஐயுறுக. எல்லாக் கியர்களிலும் முனகினால், குண்டுப் பெயாரிங்குகளை நோக்குக.

ஊசி உருளைகளை மாற்றும்போது பழைய பக்கவச்சையும் கூர்ந்து பார்க்க வேண்டும். உருளைகள் ஓடும் பாதை அவ்வச்சின் மேற்பரப்பேயாகும். அது பொரிந்திருப்பின், புதிய உருளைகளும் விரைவிற் கெடும். உருளைகளைக் கிறீசினால் ஒட்டி, பக்கவச்சின் பருமனுள்ள, ஆனால் பற்சக்கரத் தொகுதியின் நீளமேயுள்ள போலியச்சொன்றைச் செருகுக. தொகுதியைப் பெட்டியின் அடியிலே கிடத்தி, மற்றை அச்சுகளைப் பூட்டிய பின் உயர்த்தி, மெய்யான அச்சைச் செலுத்தினால், போலியச்சு மறுபுறம் வெளியேறும். ஓர் உருளையும் விழாது.

வாங்கும்போது வளையத்திலே பொறித்த எண்ணைப் பழையதுடன் ஒப்பிடுக. 6206 என்றிருப்பின், இறுதி இரண்டிலக்கமாகிய 06 ஐ ஐந்தாற் பெருக்க, துளை 30 மில்லிமீற்றர் எனத் தெளியலாம். பழைய ஆங்கில வண்டிகளில் அங்குல அளவும் வருமாதலால், வேணியர் இடுக்கிமானியால் அளந்தே வாங்குக. எண்ணுக்குப் பின் சீ 3 என்றிருப்பின், உள்ளிடைவெளி வழமையினும் சற்று மிகுதி என்பது பொருள். அது தற்செயலாக இட்ட குறியன்று. பழையதில் இருந்தால் புதியதிலும் இருத்தல் வேண்டும்.

பொருத்தும் நேரம்வரை உறையைப் பிரியாதீர். ஒரு மணற்றுகள் புகுந்தாலும் சுத்தியல் செய்யும் கேட்டை அதுவும் செய்யும். இறுதியில், கைந்நூல் கூறும் எண்ணெயையே ஊற்றுக. மைனர் கியர் பெட்டிக்கு அது இயந்திர எண்ணெய்.

அன்று குழிந்த அப்பெயாரிங் இன்றும் என் மேசைமீது இருக்கிறது. வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் முதலில் அதனைக் கொடுத்துச் சுழற்றச் சொல்வேன். விரல்நுனியில் அந்தச் சிறு தடக்கத்தை உணர்ந்தபின், அவர்களுள் எவரும் சுத்தியலை அவசரப்பட்டு எடுப்பதில்லை.